ஆனைக்கு விட்ட கடவை

என் எழுத்து மேலும் கீழுமாக ஓடும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம் என்பதால் எழுதுகிறேன்.

அறுவடை முடிந்த வயல் வட்டையில் ஈர வைக்கோலோடு யானை இலத்தி மணக்கும் காலைகளில் வளர்ந்தவன் நான். மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் எங்கள் வயல். காட்டிலிருந்து வாவிக்கு யானைகள் இறங்கும் தடத்தில் ஒருவரும் விதைப்பதில்லை. முள்வேலி அடைக்கும்போதும் அந்த இடத்தில் இரண்டு வண்டி போகும் அகலத்துக்கு இடைவெளி விடுவார்கள். அதற்கு ‘ஆனைக் கடவை’ என்று பெயர். “வேலிக்கே முள்ளுக் காணாது, இவர் ஆனைக்கு வாசல் வைக்கிறார்” என்று அம்மா அப்பாவை நக்கலடிப்பார். தடம் மாறி யானை வந்தால் அப்பா கடவையோரம் நின்று, “இஞ்சால போங்க ராசா” என்று விருந்தாளிக்குச் சொல்வதுபோலச் சொல்லுவார். அதுவும் போகும்.

சுனாமிக்குப் பிறகு, கரையோரத்தில் வீடுகள் கட்ட எங்கள் காட்டு மேட்டில் ‘கிறவல்’ மண் அள்ளினார்கள். எல்லாம் இழந்த சனத்துக்குத்தானே என்று நாங்கள் வாய் திறக்கவில்லை. யுத்தம் முடிந்ததும் மண் அள்ளிய அதே குழியை இன்னும் ஆழமாகத் தோண்டி, வயலுக்கும் வாவிக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு மேல் மண் நிரப்பி, பக்கங்களைச் செங்குத்தாகக் கருங்கல்லால் கட்டிக் தார் ஊற்றிக் காபெட் வீதி போட்டார்கள். கடவைக்கு நேரே கல் எழும்பியது.

“தம்பி, ஆனை வாற வழி இது. கீழால ஒரு பாலமாவது வையுங்க” என்று வேலையை மேற்பார்த்தவரிடம் அப்பா கேட்டார்.

“ஆனையும் இனி பஸ்ஸில வரட்டும், ஐயா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதைச் சுடுகிறது.

அடுத்த அறுவடைக்குப் பின் வந்த யானைக் கூட்டம் கல்லில் முட்டித் திரும்பி, வீடுகள் பக்கம் வந்தது. அப்பா பழக்கதோஷத்தில் ஓடிப்போய்க் கடவையோரம் நின்று, “இஞ்சால போங்க ராசா” என்று கை காட்டினார். அவர் காட்டிய பக்கம் சுவர்தான் இருந்தது. குட்டியோடு நின்ற பெண் யானை அவரை அந்தக் கல்லோடு வைத்து மிதித்தது. அந்தக் கிழமையே அதுவும் கிறவல் குழிக்குள் விழுந்து செத்தது.

‘ஊருக்குள் புகுந்த யானை’ என்று பேப்பரில் போட்டார்கள். செத்தவீட்டுக்கு வந்த பெரிய மனிதர்கள் யானைகளின் அட்டகாசத்தைப் பற்றிப் பேசிவிட்டு, அதே வீதியால் வேகமாகத் திரும்பிப் போனார்கள். வேறு எந்த வழியால் அது வாவிக்குப் போயிருக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

வட்டையில் இப்போது இலத்தி மணப்பதில்லை. இந்த முறை வேலி அடைத்தபோது, அந்தக் கல்லுக்கு எதிரே கடவையை விட்டுத்தான் அடைத்தேன். அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். நக்கலடிக்கவில்லை.

எழுதியது: அப்பாவின் முதலாம் ஆண்டுத் திவசத்தன்று, பங்குனி 2013.