ஊசித் துளைகள்

பள்ளிவாசல் ஜன்னலுக்கு நட்சத்திரப் பின்னலை வரைந்தது நான்தான். பாலிடெக்னிக் முடித்து, திருப்பூரில் ஓர் இன்ஜினியரிடம் சேர்ந்ததும் கிடைத்த முதல் வேலை. பள்ளிவாசல் கமிட்டி பாய் படத்தை வாங்கிப் போய், மறுநாள் திருப்பித் தந்தார். கோடு நெடுக ஊசித் துளைகள். வேறு ஆபீசுக்கு நகலெடுக்கிறாரா? பெண்ணான நான் வரைந்ததென்று யாரிடமாவது சரிபார்க்கிறாரா? அவர் மீண்டும் படத்தைக் கேட்டபோது, கொடுத்துவிட்டுப் பின்னாலேயே அவர் வீட்டுக்குப் போனேன்.

தொழும் மூலையில் படத்தைச் சுவரோடு ஒட்டி, அவர் மனைவி துளைகளின்மேல் கரித்தூள் கட்டிய துணிப் பொட்டலத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“இது யாருக்குங்க?”

“எனக்குத்தான் கண்ணு. பள்ளிவாசலுக்குள்ள பொம்பளைங்க போறதில்லீங்களே. அதே ஜன்னல் இங்கயும் இருக்கட்டும்னு.”

காகிதத்தை எடுத்தார். சுவரெல்லாம் துளை வழியே பதிந்த கரிப்புள்ளிகள். பென்சிலை எடுத்து, அவரோடு சேர்ந்து கோடிழுத்தேன்.

நான் வரைந்த ஜன்னலை இன்றுவரை அந்தச் சுவரில்தான் பார்த்திருக்கிறேன்.