தொட்டவனுக்கெல்லாம் ஒரு பலகை

லான்ஸ்டேலின் மரம் அறுக்கும் இயந்திரம், கழற்றித் தோளில் சுமந்து போகிற அளவுக்குச் சின்னது. அவன் வாய் அப்படியல்ல. இசபெல் தீவின் அந்தக் கரையில் கோயில் தரை, பள்ளிச் சுவர், படகுத்துறை எல்லாமே தன் பலகைதான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான். அவனும் மனைவி நெஸ்டாவும் குடியிருந்ததோ, ஓலைக்கு மேல் நீலத் தார்ப்பாய் போட்ட குடிசையில். ஊரில் யாருக்கும் இல்லை என்று சொல்லாத அந்தத் தாராள மனசு, வீட்டில் மட்டும் "அடுத்த மரத்துல பாத்துக்கலாம்" என்றுவிடும்.

அந்த ஆண்டுப் புயலில் நெஸ்டாவின் தாய்வழி நிலத்தில் நின்ற பெரிய வாசா மரம் சாய்ந்தது.

"இது நம்ம வீடு. வேற யாருக்கும் இல்ல" என்றாள்.

"சத்தியமா" என்றான். அந்த நிமிடம் அவன் பொய் சொல்லவில்லை, பாவம்.

இயந்திரத்தைப் பூட்டிப் பார்த்தான். ரம்பம் ஓடுகிற அதன் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே மரம் அடங்கவில்லை.

"சங்கிலி ரம்பத்தால நீளவாக்குல ரெண்டா பொளந்திடுங்க. ஒவ்வொரு பாதியா அறுக்கலாம். நாம ரெண்டு பேரே போதும்" என்றாள் நெஸ்டா.

"பொளக்குறதா? அகலப் பலகை போச்சே! புரட்டிப் புரட்டிப் பக்கத்தைச் சீவினா முழுசா அடங்கும். ஒரு நாலு பேரைக் கூப்பிட்டா ஆச்சு."

"புரட்டக் கை குடுத்தவனுக்கெல்லாம் பலகை குடுக்கணும். தெரியுமில்ல?"

"நாலு பலகை போனா குடியா முழுகிடும்?"

சங்கை எடுத்து ஊதினான். நாலு பேரா வந்தார்கள்? ஊரே வந்தது. இடுப்புப் பிடிப்பென்று ஒரு மாதமாகப் படுத்திருந்தவர் துள்ளிக்கொண்டு வந்து ஒற்றை விரலை வைத்தார். கோயில் உபதேசியார் மரத்தைத் தொடாமலே ஜெபித்தார்; அதுவும் தள்ளியதாகவே சேர்ந்தது. நடுவில் நின்று அதட்டிய லான்ஸ்டேலுக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. நெஸ்டா படகை எடுத்துக்கொண்டு விரிகுடாவைக் கடந்து போனாள்.

கடைசிப் புரட்டலுக்கு அக்கரையிலிருந்து அவளுடைய தம்பிகள் வந்து சேர்ந்தார்கள்.

"என்ன மச்சான், ஊரையே கூப்பிட்டீங்க, எங்களுக்குச் சங்கு கேக்கலையே?" என்றான் மூத்தவன் டட்லி. தோள் கொடுத்து நிஜமாகவே தள்ளினார்கள்.

அறுத்து முடிந்தது. அந்த ஊர் வழக்கப்படி, பங்கு பிரிக்கையில் மனைவியின் உடன்பிறந்தார்தான் முதலில் பொறுக்குவார்கள். அவர்களிடம் இல்லை என்பது மட்டுமல்ல, முகம் சுளிப்பதும் ஆகாது. தம்பிகள் வயிரம் பாய்ந்த அகலப் பலகைகளாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். பொறுக்கிக்கொண்டே இருந்தார்கள். ஊருக்கு ஆளுக்கொரு குச்சிப் பலகை மிஞ்சியது. இடுப்புப் பிடிப்புக்காரருக்கு மறுபடி வலி வந்துவிட்டது. லான்ஸ்டேலுக்குக் கிடைத்தவை பட்டையோடு சீவிய ஓரங்கள். அவற்றின் மேல் உட்கார்ந்தபோது, நெஸ்டாவின் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

தம்பிகள் பலகைகளைப் படகில் ஏற்றவில்லை. நேரே குடிசைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அடுக்கினார்கள். மழைக்காலத்துக்கு முன்பே வீடு எழுந்தது.

பாயைச் சுருட்டிக்கொண்டு படியேறிய லான்ஸ்டேலை டட்லி மறித்தான்.

"இது எங்க அக்கா வீடு, மச்சான்."

"அப்ப நான்?"

நெஸ்டா வாசலுக்கு வந்தாள். "வழிய விடுடா, வரட்டும்" என்றாள் தம்பியிடம். பிறகு புருஷனைப் பார்த்தாள். "அந்தச் சங்கை மட்டும் வெளியிலேயே வெச்சிட்டு வாங்க."