வாத்து இல்லாத போர்வை

என் சித்திக்குத் தையல்தான் தொழில். புதுத்துணி தைப்பதில்லை, மற்றவர்கள் தைத்ததைப் பிரித்துச் சரிசெய்வாள். இடுப்பைப் பிடிப்பாள், பேன்ட் காலைக் குறைப்பாள், ஜிப் மாற்றுவாள். முன்னறையில் ஒரு மெஷின், பக்கத்தில் வெட்டுத்துணி மூட்டை, அதன்மேல் ஒரு பூனை. வேலை நடப்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு எதுவும் செய்யாததால் பூனைக்கு மேனேஜர் என்று பெயர். தெருவில் எது போனாலும் குரைக்கும் நாய்க்கு மௌனசாமி. பிள்ளைகள் இல்லாத வீடு. சித்தி அதைப் பற்றிப் பேசமாட்டாள். பேசுகிறவர்களை மறக்கவும் மாட்டாள்.

சித்தியின் ஓரகத்திக்கு, அதாவது சித்தப்பாவின் அண்ணிக்கு, பேத்தி பிறந்தது. குழந்தையைப் பார்க்கக் குடும்பமே கூடியது. படம் எடுக்க எல்லோரும் சோபாவைச் சுற்றி நின்றார்கள். சித்தியும் ஓரமாகப் போய் நின்றாள். ஓரகத்தி தன் போனை அவள் கையில் திணித்தார்.

"நீ எடும்மா. குடும்பத்துல எல்லாரும் வரணும். உனக்கென்ன, வீட்டுக்குப் போய் பூனையோடயும் நாயோடயும் எடுத்துக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தி படத்தை நன்றாகவே எடுத்தாள். யாருடைய தலையும் வெட்டுப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா சமாதானம் சொன்னார். "விடு, அவங்க சுபாவம் அப்படி. மனசுல ஒண்ணும் கிடையாது."

"உங்க வாயிலயும்தான் ஒண்ணும் கிடையாது" என்றாள் சித்தி.

கொஞ்ச நாளில் ஓரகத்தியின் மகள் போன் செய்தாள். "சித்தி, பாப்பாவுக்கு ஒரு போர்வை தைச்சுக் குடுங்களேன். கட்டம் கட்டமா, கட்டத்துக்கு ஒரு மிருகம். வேடிக்கையா இருக்கணும்."

"தைச்சுட்டாப் போச்சு கண்ணு" என்றாள் சித்தி. குரலில் அவ்வளவு தேன். எனக்கே பயமாக இருந்தது.

அன்று சிரித்த முகங்கள் ஒவ்வொன்றாக மூட்டையிலிருந்து வெளியே வந்தன. ஓரகத்தியின் கணவர், உட்கார்ந்த இடத்தில் கண் சொருகும் எருமை. நெட்டை மருமகன் ஒட்டகச்சிவிங்கி. மகள் அணில். சித்தப்பாவும் தப்பவில்லை, தலையை உள்ளே இழுத்துக்கொண்ட ஆமை.

"ஓடு என் சட்டைத் துணி மாதிரி இருக்கே?" என்றார் அவர்.

"உங்க சட்டைதான்."

தனக்கு ஒரு குட்டி யானை வைத்தாள். யானை எதையும் மறக்காதாம்.

நடுக்கட்டம் ஓரகத்திக்கு. நீண்ட கழுத்தில், அவர் போடுவது போலவே, மஞ்சள் நூலால் இரட்டைச் சங்கிலி போட்டு, வாயைப் பிளந்து நிற்கும் வெள்ளை வாத்து. அதைப் பார்த்த என் அம்மா தலையில் கைவைத்தாள். "அடிப்பாவி, பாத்தவுடனே தெரியுதேடி!"

"தெரியணும்னுதானே தைக்கறேன்."

மேல்துணி முடிந்ததும் அதைத் தரையில் விரித்து, அடியில் பஞ்சும் பஞ்சுக்கடியில் இன்னொரு துணியும் வைத்து ஊசி குத்தினாள். விரித்த துணியை எந்தப் பூனை விட்டது? மேனேஜர் வந்து நடுக்கட்டத்தில் சுருண்டு படுத்தது. மௌனசாமி ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டது. சித்தி விரட்டக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. வாத்து இருந்த இடமே தெரியவில்லை. பூனைதான் இருந்தது.

"இதுதான்டா சரி" என்று பிளேடை எடுத்தாள். வாத்தின் கழுத்திலிருந்து பிரிக்க ஆரம்பித்தாள். அந்த இடத்தில் மேனேஜரையும், இடம் நிரப்பச் சும்மா ஓர் எலி வைத்திருந்த மூலைக்கட்டத்தில் மௌனசாமியையும் தைத்தாள். பிறகு எல்லாம் சேர்த்துத் தைத்து ஓரம் அடித்தாள்.

வாங்கிப்போக மகளோடு ஓரகத்தியும் வந்தார். போர்வையை விரித்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ, இந்த எருமை உங்கப்பாடி! அந்தத் தூக்கத்தைப் பாரேன்! ஆமை நம்ம கொழுந்தன்! அப்படியே இருக்காரு!" விரல் ஒவ்வொரு கட்டமாகப் போய் நடுவில் நின்றது. "இது நானா? என்னைப் பூனையாவா வெச்சே?"

"இல்லக்கா, அது எங்க மேனேஜர்."

"மூலையில?"

"மௌனசாமி."

விரல் மறுபடி முதலிலிருந்து புறப்பட்டது. இந்தத் தடவை சிரிப்பு இல்லை. "அப்ப நான் எங்க?"

"உங்களுக்குக் கட்டம் பத்தலக்கா."

மகள் குறுக்கே வந்தாள். "ஒண்ணைப் பிரிச்சு மாத்திடலாமே சித்தி?"

"ஓரம் அடிச்சாச்சு கண்ணு. இனி பிரிச்சா பஞ்செல்லாம் வெளிய வந்துடும்."

பிரிப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவள் கூசாமல் சொன்னாள். பூனைக்கு இடம் இருக்கிறது, எனக்கு இல்லையா என்று ஓரகத்தி எந்த வாயால் கேட்பார்? மகளுக்குப் போர்வை பிடித்துப்போயிற்று. மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அம்மாவுக்கு மனது கேட்கவில்லை. "பச்சைக் குழந்தை போர்த்திக்கற துணியிலயா பழி தீர்ப்பே?"

"குழந்தைக்கு என்ன குறை வெச்சேன்? அதுக்குப் பேச்சு வரட்டும். ஒவ்வொண்ணா தொட்டு இது யாரு, இது யாருன்னு கேக்கும். கடைசியில, பாட்டி நீ எங்கன்னு கேக்கும். அவங்களே பதில் சொல்லட்டும்."

குழந்தை இப்போதுதான் 'ங்கா' சொல்கிறது. சித்திக்கு ஒன்றும் அவசரமில்லை.