துரை மகளின் கனம்

எங்கள் தோட்டத்தில் குதிரையேறிய ஒரே தொழிலாளி வீட்டுப் பிள்ளை நான்தான் என்று வெகுகாலம் பீற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன். எண்பதுகளில், மலேசியாவின் கோல சிலாங்கூருக்கு வடக்கே இருந்த செம்பனைத் தோட்டம் அது. துரையின் ஒரே குதிரையைப் பார்த்துக்கொண்டவர் என் அப்பா. வெள்ளைக்காரச் சவாரி முறையை, முன்பிருந்த துரையிடம் திட்டு வாங்கியே கற்றவர்.

ஒருநாள் அந்தக் குதிரை துரையின் பத்து வயது மகளைக் கீழே தள்ளிவிட்டது. அடி பலமில்லை. ஆனாலும் விற்றுவிடப்போவதாகத் துரை சொன்னார். குதிரை போனால் அப்பா பழையபடி மருந்தடிக்கத்தான் போகவேண்டும். அந்த மருந்தால் மூச்சிரைப்பு வந்துதான் அவரைக் குதிரைக் கொட்டகைக்கே மாற்றியிருந்தார்கள்.

அப்பா கைகட்டி நின்றார். "குதிரமேல தப்பில்ல தொரை. பாப்பா கடிவாளத்த வெடுக்குன்னு இழுத்துட்டாங்க. என் மகளும் அதே கனந்தான். நாளைக்கு ஏத்திக் காட்டுறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் கொட்டகை வாசலிலேயே பள்ளிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். முனியாண்டி கோயில் மண்குதிரைக்கு முன்னால்கூடச் செருப்போடு நிற்க மாட்டோம். உயிருள்ள குதிரைமேல் சப்பாத்தோடு ஏறுவதா? சேணத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினேன். அப்பா என் வெறுங்காலைப் பார்த்தார். வேலியோரம் துரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கச் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை.

நீளக் கயிற்றைப் பிடித்து அவர் நடுவில் நிற்க, குதிரை அவரைச் சுற்றி நடந்தது, பிறகு ஓடியது. "ஒண்ணுக்கு எந்திரி, ரெண்டுக்கு உக்காரு. அது தூக்குறப்ப நீயும் எந்திரி. கீழ பாக்காத லா, காதுக்கு நடுவுல பாரு."

முதல் சுற்றில் லோரியில் ஏற்றிய காலித் தகரம்போல் குதித்தேன். இரண்டாவது சுற்றில் கணக்குப் பிடிபட்டது. அப்படியொரு சந்தோஷம் அதற்குமுன் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த நேரத்தில் வெறுங்கால் வழுக்கி, இடது பாதம் கணுக்கால்வரை, சேணத்தில் கால் வைக்கும் இரும்பு வளையத்துக்குள் போய்விட்டது. சப்பாத்தின் குதி இருந்தால் தடுத்திருக்கும். அந்தக் காலோடு விழுந்தால் குதிரை தரதரவென்று இழுத்துக்கொண்டே ஓடும் என்பது எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். குதிரையை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் துரை காரணம் கேட்பார். அப்பா நிறுத்தவில்லை.

"முதுக நிமித்து. மெதுவா கால பின்னால இழு. இப்ப குதிகால கீழ அமுக்கு" என்றார். ஒரு முழுச் சுற்றுக்குப் பிறகே பாதம் வெளியே வந்தது.

துரை தலையாட்டினார். குதிரை தங்கியது, அப்பாவின் வேலையும் தங்கியது. என்னை இறக்கிவிட்டு அப்பா கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தார். காலையில் தின்ற ரொட்டி சேரவில்லை என்றார், நம்பினேன்.

வீட்டுக்கு ஓடி, கால் மாட்டியது உட்பட ஒன்றுவிடாமல் அம்மாவிடம் ஒப்பித்தேன். அம்மா என் கணுக்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதன்பிறகு ஒரு மாதம் அவர் அப்பாவோடு பேசவில்லை. என்னை மறுபடியும் குதிரையில் ஏற்றவில்லை என்ற கோபம்தான் அது என்று நினைத்து, அம்மாவுக்கு என்மேல் எவ்வளவு ஆசை என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.