சந்தானம் வாயை மூடிய ஆட்டம்

சந்தானத்தின் குரல் ஃபேக்டரியில் வளர்ந்த குரல். மராட்டிக்காரர் ஊரான தளேகாவில் இருபத்திரண்டு வருஷமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்தினால்தான் எதிரே நிற்கிறவன் ஒதுங்குவான். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு திருமங்கலத்திலிருந்து வந்த மனுஷன். பேஸ்கட்பாலைக் கையால் தொட்டதில்லை. ஆனால் மகள் வைஷு கேம்ப் ஏரியாவில் இருக்கிற காலேஜ் டீமில் சேர்ந்து ரெண்டு வருஷமாச்சு, ஒரு ஆட்டம் விட்டதில்லை. சனிக்கிழமை ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, லோக்கல் ரயில் பிடித்து, பஸ் மாறி வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து கத்துவார்.

கத்துவதெல்லாம் தமிழ். அதில்தான் அவருக்குக் கெத்து. எதிர் டீமில் எவள் மந்தம், எந்தப் பக்கம் ஓட்டை, பந்தை யாருக்குப் போடணும், அத்தனையும் மைதானமே அதிரச் சொல்லுவார். சுற்றிலும் மராட்டியும் இந்தியும்தான். தமிழ் எவனுக்குப் புரியப்போகிறது? அப்பனுக்கும் மகளுக்கும் மட்டும் தனி லைன் போட்ட மாதிரி.

லைன் இருந்து என்ன, டீம் உருப்படவில்லை. இந்த வருஷம் ஆறு ஆட்டத்தில் அஞ்சு தோல்வி. பந்தைக் கையில் கொடுத்தால் சூடான பாத்திரம் மாதிரி உதறுகிறார்கள். ராஜஸ்ரீ என்று ஒருத்தி, நல்ல உயரம், கூடைக்கு நேர் கீழே நின்று குறி தவறுவாள். அவளுக்கு சந்தானம் வைத்த பெயர் லைட்டுக் கம்பம். இன்றைக்கு ஏழாவது ஆட்டம், கடைசியும் இதுதான். தோற்றால் பட்டியலில் கடைசி இடம். கடைசி இடத்து டீமுக்கு அடுத்த வருஷம் லீகில் இடமில்லை. லீக் இல்லையென்றால் டீமையே கலைத்துவிடுவதாக பிரின்சிபால் சொல்லியாகிவிட்டது. நாலு நாளாக வைஷு சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசி கால்பகுதியில் ரெண்டு நிமிஷம் பாக்கி. ஒரு பாயின்ட் பின்னால். சந்தானம் படியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"ஏத்தா, வலப்பக்கம் காலியாக் கெடக்கு! கம்பத்துக்குப் போடு!"

வைஷு போட்டாள். பந்து போய்ச் சேருமுன்னே எதிர் டீமின் பதினோராம் நம்பர் அங்கே நின்றாள், தட்டிப் பறித்துக்கொண்டு ஓடினாள். நல்லவேளை, அவள் டீம்காரி கூடையைத் தவறவிட்டாள். அடுத்த தடவை இடப்பக்கம் வெட்டி ஓடச் சொன்னார். அங்கேயும் பதினொண்ணு. ஆட்டம் ஆரம்பித்ததிலிருந்து இதேதான். ராஜஸ்ரீ நத்தை மாதிரி வந்தால் எவள்தான் பறிக்கமாட்டாள் என்று பக்கத்து ஆளிடம் இந்தியில் புலம்பினார். அந்த ஆள் வடாபாவை வாயில் வைத்தபடி தலையாட்டினான்.

பந்து வெளியே போனது. உள்ளே எறிய வந்த பதினொண்ணு, சந்தானத்தின் காலுக்கு ரெண்டடி முன்னால் கோட்டில் நின்றாள். ரெஃப்ரி பந்தைத் தருவதற்குள் திரும்பாமலே சொன்னாள்.

"அங்கிள், கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. எங்க கோச்சுக்கு இந்தியில சொல்லோணுமில்லீங்களா."

சுத்தமான கோயம்புத்தூர்த் தமிழ்.

வாகட் பக்கம் அடுக்குமாடி அடுக்குமாடியாக நம்ம ஊர் ஐ.டி. ஜனம் குடியிருப்பது சந்தானத்துக்குத் தெரியாததா? அதில் ஒரு வீட்டுப் பெண் பேஸ்கட்பால் ஆடும் என்று புத்திக்கு எட்டவில்லை. ஆட்டம் முழுக்க மகளுக்குச் சொல்வதாக நினைத்து எதிராளிக்குப் பாடம் எடுத்திருக்கிறார்.

எதிர் டீம் எறிந்தது கூடை வளையத்தில் பட்டுத் தெறித்தது. ராஜஸ்ரீ எட்டிப் பிடித்தாள், இந்த வருஷம் அவள் உருப்படியாகச் செய்த காரியம். பந்து வைஷு கைக்கு வந்தது. பதினெட்டு செகண்ட்.

எதிரே பதினொண்ணு கைகளை விரித்து நின்றாள். வலப்பக்கம் மறுபடி காலி. சந்தானத்துக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. பொய்யாக எதையாவது கத்தலாமா? மகள் அதை நம்பி ஓடினால்? தோளில் கிடந்த துண்டை வாயில் அழுத்திக்கொண்டார்.

பன்னிரண்டு செகண்ட். வைஷு படிக்கட்டைப் பார்த்தாள். அவர் அசையவில்லை. பந்து தரையில் தட்டுகிற சத்தம் மட்டும்.

ஒன்பது. பதினொண்ணுக்கும் பொறுக்கவில்லை. குரல் வரவேண்டிய நேரம், வரவில்லை. அவளும் படிக்கட்டுப் பக்கம் கண்ணைத் திருப்பினாள். அரை செகண்ட் இருக்கும். வைஷு அவள் தோளை உரசிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். பந்து பலகையில் பட்டு, வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, விழுந்தது. எதிர் டீம் நீளமாக எறிந்த கடைசிப் பந்து பலகையைக்கூடத் தொடவில்லை. ஒரு பாயின்ட்டில் டீம் பிழைத்தது.

பதினொண்ணு, பெயர் கோதையாம், கை குலுக்கிவிட்டுப் போகும்போது சந்தானத்தை முறைத்தாள். கடைசியில ஏமாத்திட்டீங்க அங்கிள் என்று மட்டும் சொன்னாள்.

பஸ் ஸ்டாப்பில் சந்தானம் நடந்ததை மகளிடம் ஒப்புக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"நீங்க கத்துறது பாதி எனக்குப் புரியாதுப்பா. ஃபேக்டரித் தமிழ்."

"பொறகு எதுக்குத்தா படியப் பாத்த?"

"சத்தம் வரல. எழுந்து போயிட்டீங்களோன்னு."

சந்தானம் ரோட்டைப் பார்த்தார்.

"எங்கிட்டுப் போறது? ரயிலு ஆறேமுக்காலுக்குத்தான்," என்றவர், உடனே ஆரம்பித்துவிட்டார். எவளும் மறிக்காமல் போடுகிற ஃப்ரீ த்ரோவில் ஒன்பது விட்டிருக்கிறார்கள். ஒன்பது. இது ஒரு டீமா?