மடித்துக் காட்டினால்தான் டென்ட்

1. வெள்ளிக்கிழமை மதியம், தில்லைநகரில் டென்ட் வாடகைக்கு விடும் கடைக்குப் போனேன்.
2. கடைக்காரர் ஒரு டென்டைப் பிரித்துத் தரையில் போட்டு, அதை மடித்துப் பைக்குள் வைக்கச் சொன்னார்.
3. மூன்று முறை தோற்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நாங்கள் நான்கு பேர் பச்சைமலைக்குக் கிளம்ப வேண்டும். ஆள் சேர்த்தது நான். பட்டியலில் டென்டுக்கு மட்டும்தான் டிக் போடவில்லை.

கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நான் மடிக்கத் தொடங்கியதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்; தோற்றதும் மாட்டிக்கொள்வார்.

"எல்லாரும் அழுக்குமூட்டை மாதிரி சுருட்டிக் கொண்டு வர்றாங்கம்மா. மடிச்சுக் காட்டினாத்தான் குடுப்பேன்."

"நான் மெக்கானிக்கல் இன்ஜினியர் சார்."

"அப்படியா? அப்ப கொஞ்சம் நேரமாகும். உக்காந்தே பண்ணுங்க."

ஏழாவது முறை ஜிப் மூடியது. பையை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

பச்சைமலையில் பையைத் திறக்கப் போன தோழியின் கையைப் பிடித்தேன்.

"ஏன்டி?"

"பிரிச்சா, மறுபடி மடிக்கணும்."

நான்கு பேரும் வந்த வேனிலேயே உட்கார்ந்தபடி தூங்கினோம்.

திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தபோது, கடைக்காரர் பையைத் திறந்து, வெகுநேரம் உள்ளே பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல இப்படி மடிச்சுக் கொண்டு வந்தது நீங்க ஒருத்தர்தாம்மா. இனிமே மடிச்சுக் காட்ட வேண்டாம். நேரா வந்து எடுத்துட்டுப் போங்க."

அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை.

அதன் பிறகு இரண்டு முறை அவரிடம் டென்ட் எடுத்திருக்கிறேன். இன்னும் ஒன்றில்கூடப் படுத்ததில்லை.