வியேராவின் அப்பா கேட்ட ஸ்கோர்

நனைந்த செங்கல் பொடியின் வாசம் தெரியுமா உங்களுக்கு... மழை விட்டதும் சூளைப் பக்கம் அடிக்குமே, அது.

இரண்டாயிரங்களின் நடுவில், ஜெர்மனியில் கொலோன் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில் குடியேறியிருந்தோம். ஒரு வருஷம் மே, ஜூன் முழுக்க எங்கள் பாத்ரூமில் அந்த வாசம்தான். டவல், சாக்ஸ், வாஷிங் மெஷின் எல்லாம் செங்கல் நிறம். காரணம், எங்கள் வீட்டில் தங்கியிருந்த வியேரா. ஸ்லோவாக்கியாக்காரி. டென்னிஸ் ஆட்டக்காரி.

கோயம்புத்தூர் சாஃப்ட்வேர்காரன் வீட்டில் அவளுக்கு என்ன வேலை என்கிறீர்களா?

அந்த ஊர் டென்னிஸ் கிளப்பில் நான் மெம்பர். தொப்பை குறையட்டும் என்று என் மனைவி கலா சேர்த்துவிட்டாள். தொப்பையும் சேர்ந்து மெம்பர் ஆனதுதான் மிச்சம். ஜெர்மனியில் கிளப் என்றால் சந்தா கட்டிவிட்டு ஹாயாக இருக்க முடியாது, எல்லோரும் உடம்பை வளைத்து வேலை செய்ய வேண்டும். பல் டாக்டர்கூட மண்வெட்டி பிடிப்பார். குளிர் முடிந்து கோர்ட்டுக்குப் புதுச் செங்கல் பொடி போடும் நாளில் நான் உருளை ஓட்டினேன். அது நேராகப் போய் வேலியை விசாரித்துவிட்டு வந்தது.

கிளப் செக்ரட்டரி அம்மாள் கோபப்படவில்லை. உங்கள் வீட்டில் ஒரு ரூம் காலியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

லீக் சீசனில் பெண்கள் டீமுக்காக வெளிநாட்டு ஆட்டக்காரி ஒருத்தியைக் கூட்டி வருவார்கள். ஓட்டல் எல்லாம் கிடையாது, மெம்பர் வீட்டில்தான் ஜாகை. அப்படி வந்து சேர்ந்தாள் வியேரா. முப்பதைத் தொட்டவள். ஒரு காலத்தில் பாரிஸ் பெரிய போட்டி வரைக்கும் போய், முதல் ரவுண்டிலேயே தோற்றவள். இப்போது ஞாயிறு தோறும் எங்கள் கிளப்புக்கு ஆட்டம், மற்ற நாளெல்லாம் தோளில் ஐஸ் பை.

முதல் ஞாயிறு காலையில் அவசரத்துக்குக் கலா தயிர்சாதம் கொடுத்தாள். வியேரா ஜெயித்துவிட்டாள். அவ்வளவுதான்... பந்து போடும் முன் நாலு தடவை தட்டுகிற கூட்டம் அல்லவா, ராசியை விடுவார்களா? அடுத்த ஞாயிறும் தயிர்சாதம். தொட்டுக்கொள்ள ஆப்ரிகாட் ஜாம்.

"கடுகு தாளிச்ச சாதத்துல ஜாமுங்க... எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைத் தள்ளி வெச்சிருவாங்க" என்று கலா என்னிடம் புலம்புவாள். ஆனால் ஜாம் தீர்வதற்குள் அடுத்த பாட்டில் வாங்கி வைப்பதும் அவள்தான்.

ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டு லேண்ட்லைனுக்கு இரண்டு போன் வரும். முதலில் என் அம்மா. "சாப்ட்டியா கண்ணு?" மகன் ஜெர்மனியில் பட்டினி கிடப்பதாகவே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தவர்.

அடுத்தது வியேராவின் அப்பா. லாரி டிரைவர். கராஜ் சுவரில் நெட் உயரத்துக்கு வெள்ளைக் கோடு போட்டு, ஐந்து வயது மகள் கையில் ராக்கெட்டைக் கொடுத்தவர். அவருக்கு இங்கிலீஷும் தெரியாது, ஜெர்மனும் தெரியாது. கலா எடுத்தால் "ஸ்கோர்?" என்பார். இவள் "சிக்ஸ் ஃபோர், சிக்ஸ் த்ரீ" என்பாள், எதிராளி பூஜ்யம் என்றால் "சிக்ஸ் லவ்". "டோப்ரே" என்பார். நல்லது என்று அர்த்தமாம். தோற்றிருந்தால் டோப்ரே கிடையாது, டொக்கென்று வைத்துவிடுவார்.

உன் அம்மா போனில் முதலில் என்ன கேட்பார் என்று ஒருநாள் வியேரா கேட்டாள். சொன்னேன். ஸ்பூனைக் கீழே வைத்தாள். பாரிஸில் தோற்ற அன்றும் தன் அப்பா ஸ்கோர்தான் கேட்டார் என்றாள்.

கடைசி மேட்சுக்கு முந்தின நாள், ஐஸ் பையோடு சமையலறைக்கு வந்து நின்றாள்.

"நாளையோட நிறுத்திடப் போறேன். தோள் இனிமே தாங்காது. அப்பாகிட்ட இன்னும் சொல்லல."

கலா எழுந்து போய் அரிசி களைந்தாள்.

மறுநாள் மூன்றாவது செட் வரை போய்த் தோற்றாள். கைகொடுத்தாள். பிறகு, ஆடியவரே கோர்ட்டைச் சமன்படுத்த வேண்டும் என்ற கிளப் வழக்கப்படி, அந்தப் பெரிய வலைப்பாயை இடது கையால் இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். அவ்வளவு நிதானமாக அவள் இழுத்து நான் பார்த்ததில்லை. கால்தடம் எல்லாம் போய், யாருமே ஆடாத கோர்ட் மாதிரி ஆகிவிட்டது.

சாயங்காலம் போன் அடித்தது. கலா எழுந்தாள். நானே எடுக்கிறேன் என்று வியேரா கை காட்டினாள்.

நான் ஹாலில் என் ஷூவைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, காலைலதானே தொடச்சீங்க" என்றாள் கலா, ரகசியக் குரலில். சொன்னவள் அதே ஹாலில் மடித்த துணியையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்லோவாக்கில் டோப்ரேயும் சில நம்பரும் தவிர எங்களுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் முதல் முறையாக அந்தப் பேச்சில் நம்பரே இல்லை என்பது மட்டும் தெரிந்தது. நீளமாகச் சொன்னாள். நிறுத்தினாள். டொக் என்று வைக்கப்போகிறார் என்று நான் பிரஷ்ஷைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ரிசீவரில் ஏதோ முணுமுணுப்பு. வியேரா கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள். அந்தப் புரியாத பாஷைக்கு நடுவில், தெள்ளத் தெளிவாக ஒரு வார்த்தை.

"தயிர்சாதம்."

கலாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் என்ன கேட்டிருப்பார் என்று யாரும் எங்களுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது எங்கள் மகள் அதே கிளப்பில் ஆடுகிறாள். வெளியூர் மேட்ச் என்றால் ஒவ்வொரு பாயின்ட்டும் மொபைலில் வந்து விழுகிறது. அவள் வீடு வருவதற்குள் எத்தனை டபுள் ஃபால்ட் என்பது வரைக்கும் எனக்கு மனப்பாடம். லேண்ட்லைன் இல்லை, காத்திருப்பும் இல்லை. ஆனாலும் அவள் போன் பண்ணினால் என் வாயில் முதலில் வருவது, "அந்த ரெண்டாவது செட்டுல என்னாச்சு?" கலா போனைப் பிடுங்கிக்கொள்வாள்.

வியேரா இப்போது தன் ஊரில் குழந்தைகளுக்கு டென்னிஸ் சொல்லித்தருகிறாள். போன வாரம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். கோர்ட் ஓரத்து பெஞ்சில், வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர். பக்கத்தில் ஜாம் பாட்டில். கையில் வழித்துத் துடைத்த கிண்ணம், ஓரத்தில் மட்டும் ஒரு கடுகு ஒட்டியிருக்கிறது.

கீழே ஒரே வரி...

"ஸ்கோர்: சிக்ஸ் லவ். அப்பா ஜெயித்தார்."